தெற்குச் சரிவின் பத்து மரங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நானும் பொண்ணும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அண்ணியை எழுதச் சொல். நீ எழுதினால் நம்ப மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஜீப்பில் ஒரு பெட்டி வரும். திறந்து பார்த்து ஆயுதம் என்று பயந்துவிடாதே. அது மரத்தைத் துளைக்கிற கருவி, உள்ளே வெறும் குழாய்தான். பைன் மரத்தில் நெஞ்சு உயரத்தில் வைத்துத் திருகிக்கொண்டே போ. பட்டையிலிருந்து மரத்தின் நடு வரைக்கும், பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்று வெளியே வரும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, பிசின் வடிந்து துளை தானே மூடிக்கொள்ளும். குச்சியில் வருஷத்துக்கு ஒரு வளையம் கோடு கோடாகத் தெரியும். உடையாமல் இருக்க ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவுக்குள் செருகி, மேலே மரத்தின் எண்ணை எழுதி அனுப்பு. ஸ்ட்ராவும் பெட்டியிலேயே இருக்கிறது.

முந்நூறு வருஷத்தில் நீ காவல் காக்கிற காடு எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று உங்கள் வனத்துறையே எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்டிருக்கிறது. அங்கே யாரை அனுப்புவது என்று பேராசிரியர் யோசித்தார். "யாரையும் அனுப்ப வேண்டாம் சார், எங்க அண்ணன் அங்க காவல் கோபுரத்துலயே குடியிருக்காரு" என்றேன்.

வரைபடத்தில் நாற்பது மரம் குறித்திருக்கிறேன். முதல் பத்து வடக்குச் சரிவு, அடுத்த பத்து ஓடைக்கரை, அதற்கடுத்த பத்து முகடு, கடைசிப் பத்து தெற்குச் சரிவு. நான்கு இடமும் வேண்டும், ஒன்றையும் விட முடியாது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 2

பாப்பாவுக்கு,

நாற்பது வயசு தாண்டினாலும் நீ பாப்பாதான், அதில் மாற்றம் இல்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள், நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

உன் கருவியை முதல் மரத்தில் வைத்துத் திருகத் திருக என் உயிர் போய்விட்டது. பாதியில் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அதைப் பிடித்துத் தொங்கினேன். உன் அண்ணி, "மரத்தோட மல்யுத்தம் பண்றீங்களா, இல்ல அதுக்கு ஊசி போடுறீங்களா?" என்று கேட்டாள். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. முப்பது மரம் முடித்து அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் குச்சி வெளியே வந்ததும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது, நல்ல பிசின் வாசனை. நகத்தால் தடவி எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற மரம். அது இத்தனையையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே. அன்று முழுக்க எந்த மரத்திலும் சாய்ந்து உட்காரக் கூச்சமாக இருந்தது.

உன் பேராசிரியரிடம் ஒன்று சொல். கடைசிப் பதினாறு வருஷத்தில் என் காவலில் இருந்த காட்டில் அரை ஏக்கருக்கு மேல் தீ பிடித்ததே இல்லை. புகை தெரிந்த அரை மணி நேரத்தில் நான் அங்கே நிற்பேன். அதையும் உங்கள் அறிக்கையில் போடச் சொல்.

தெற்குச் சரிவு அப்புறம்.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

உன் முப்பது குச்சிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பொண்ணுக்குப் பரீட்சை நேரம், வீட்டில் சத்தமே இல்லை. எனக்கு மரத்தூளால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

குச்சிகளைக் கட்டையில் ஒட்டி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மைதா மாதிரி நைசான உப்புத்தாள் வரைக்கும் ஏழு முறை தேய்த்தேன். பிறகு உருப்பெருக்கியின் கீழே வைத்தேன். உனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷம் அகலமான வளையம், வறண்ட வருஷம் மெல்லிய வளையம். முகட்டில் நிற்கிற மரமும் வடக்குச் சரிவில் நிற்கிற மரமும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே வருஷத்தில் இரண்டும் ஒடுங்கியிருக்கின்றன. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்திருக்கிறது. அதில் மூன்றாவது வருஷம் முகட்டு மரங்கள் நான்கில் வளையமே இல்லை. அந்த வருஷம் அவை வளரவே இல்லை, சும்மா உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. மற்ற மரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அப்படி ஒரு வருஷம் வந்து போனதே தெரியாது. அதைக் கண்டுபிடித்த அன்று சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

ஒரு சந்தேகம். பெரிய மரங்களுக்கு நடுவில் இப்போது கன்றுகள் எப்படி இருக்கின்றன? நெருக்கமா, இடைவெளி இருக்கிறதா?

மீதிப் பத்தையும் சீக்கிரம் அனுப்பு அண்ணா.

தங்கை


மார்ச் 11

பாப்பாவுக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. மூக்கை மூடித் துணி கட்டிக்கொள். நாங்கள் சௌக்கியம்.

31 முதல் 40 வரை இதோடு இருக்கிறது. போனேன், எடுத்தேன், வந்தேன்.

கன்றுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வடக்குச் சரிவில் உள்ளே நுழையவே முடியாது, அவ்வளவு அடர்த்தி. ஒல்லிப்பிச்சானாக ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே குதிரையை ஓட்டிக்கொண்டு போகலாம். இப்போது முயல்கூட யோசித்துத்தான் நுழையும். எல்லாம் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டதன் பலன். பெருமையாகச் சொல்கிறேன், சொன்னால் என்ன தப்பு?

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் நலம், இருமல் போய்விட்டது. உனக்கும் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீ அனுப்பிய பத்துக் குச்சிகளையும் பார்த்தேன். அவற்றின் வளையங்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. காடு முழுக்கக் காய்ந்து கிடந்த அந்த மூன்று வருஷத்திலும் இந்தப் பத்து மரமும் வயிறு நிறையக் குடித்திருக்கின்றன. தெற்குச் சரிவு பாறை நிலம், அங்கே அப்படி வளர முடியாது. பிறகு உன்னுடைய 34-ஐ எடுத்து 17-ன் பக்கத்தில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு வளையம், ஒவ்வொன்றும் பொருந்துகிறது. அது ஒரே மரம் அண்ணா. ஓடைக்கரையில் பதினேழாவது மரத்தின் மறுபக்கத்தில் துளைத்து 34 என்று எழுதியிருக்கிறாய்.

மரத்துக்கு மரம் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய். தெரிகிறதே, என்ன செய்வது.

எனக்குக் கோபம் இல்லை. அது உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், தீயணைக்கப் போய்ச் செத்த இடம். அந்த வரைபடத்தில் கடைசிப் பத்துப் புள்ளிகளை நானும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் வைத்தேன். உன்னால் போக முடியாவிட்டால் ஒரு வரி எழுது. வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன்.

தங்கை


ஜூன் 3

பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டு. அண்ணி ஏற்கெனவே நிறையத் திட்டிவிட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் படுத்துக்கொண்டது. பொண்ணு பரீட்சையில் தேறியதற்கு மாமா சந்தோஷப்பட்டதாகச் சொல்.

இத்தனை வருஷம் கழித்து, மரமே என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கும் என்று நான் கண்டேனா? உன் கடிதத்தைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் நூற்றுத் தொண்ணூறு வளையமும் பொருந்துகிறது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன வாரம் தெற்குச் சரிவுக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை, அண்ணியும் கூட வந்தாள். பதினாறு வருஷமாகக் கோபுரத்தில் அந்தப் பக்க ஜன்னலை மட்டும் நான் துடைத்ததில்லை, ஓடைக்குப் போனாலும் எதிர்க்கரையை நிமிர்ந்து பார்த்ததில்லை. மேலே ஏறும் வரைக்கும் கரிக்கட்டைகளும் மொட்டைப் பாறையும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இல்லை பாப்பா. பெரிய மரங்கள் தள்ளித் தள்ளி நிமிர்ந்து நிற்கின்றன. அடியில் முழங்கால் உயரப் புல். வெயில் தரை வரைக்கும் இறங்குகிறது. மான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உன் அண்ணி, "ஏங்க, இது யாரோ பெருக்கி வெச்ச மாதிரி இருக்கே" என்றாள். என் காவலில் இருக்கிற சரிவுகளில் ஒன்றுகூட இவ்வளவு அழகாக இல்லை.

பத்து மரத்திலும் குச்சி எடுத்துவிட்டேன். இந்த முறை நிஜமான பத்து. பட்டுப்போன பழைய மரம் ஒன்றின் அடியில் தீ சுட்ட தழும்புகள் மடிப்பு மடிப்பாக இருந்தன. ரம்பத்தால் அதில் ஒரு ஆப்பு அறுத்துத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

அங்கே மட்டும் காடு ஏன் நன்றாக இருக்கிறது? கன்றுகளைப் பற்றி நீ எதற்குக் கேட்டாய்? நீ எதையோ விழுங்கிவிட்டு எழுதுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நேராகச் சொல்.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

நலம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

அந்த ஆப்பைத் தேய்க்க நான்கு நாள் ஆனது. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மரம் இருநூற்று எண்பது வருஷம் வாழ்ந்திருக்கிறது. அதற்குள் பதினான்கு முறை தீ அதன் காலைச் சுட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தழும்பின் விளிம்பிலிருந்து புது மரம் வளர்ந்து, புண்ணைப் போர்த்தி மூட முயன்றிருக்கிறது. முழுக்க மூடுவதற்குள் அடுத்த தீ. பதினான்கு தழும்புக்கும் வருஷம் சொல்ல முடிகிறது. நம் தாத்தாவுக்குத் தாத்தா பிறக்காத காலத்தில் எரிந்த தீயை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் காட்டில் தாழ்வான தீ வந்து போயிருக்கிறது. அது சருகையும் கன்றுகளையும் தின்றுவிடும். பெரிய மரத்தின் தடித்த பட்டையை ஒன்றும் செய்யாது. மிச்சம் இருப்பவற்றுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் காவல் கோபுரம் வந்தது, தெற்குச் சரிவைத் தவிர மற்ற இடங்களில் தீயும் நின்றது. அதன் பிறகு வடக்குச் சரிவிலும் முகட்டிலும் வளையங்கள் வருஷத்துக்கு வருஷம் மெலிகின்றன. காடு மூச்சுத் திணறுகிறது. அந்த ஒல்லிக் கன்றுகள் காய்ந்து ஒரு நாள் பற்றிக்கொண்டால், தீ ஏணியில் ஏறுகிற மாதிரி உச்சிக்கு ஏறிவிடும். பிறகு பெரிய மரமும் மிஞ்சாது. பிப்ரவரியிலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பெருமைப்பட்டு எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

இன்னொன்று. பதினான்காவது தழும்பு, அவர் உயிர்விட்ட அந்த வருஷத்துத் தீ. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தெற்குச் சரிவு மரங்கள் பத்திலும் வளையம் இரண்டு மடங்கு அகலம். அந்தத் தீ காட்டுக்கு நல்லது செய்திருக்கிறது. அறிக்கையில் அந்தப் பகுதியை நான்தான் எழுத வேண்டும், பேனா ஓடவில்லை.

நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. அன்று மேலிடத்து உத்தரவு வந்தது, நீங்கள் இரண்டு பேரும் அணைக்கப் போனீர்கள். உத்தரவை மீறவா முடியும்?

தங்கை


ஜூலை 15

பாப்பாவுக்கு,

அண்ணி சுகம். நான் இதை எழுதி முடித்தால்தான் என் சுகத்தைச் சொல்ல முடியும்.

உத்தரவு வரவில்லை.

அன்று காலையில் புகையைப் பார்த்ததும் வயர்லெஸ்ஸில் ரேஞ்சரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் காதில் இருக்கிறது. "காத்து இல்ல. விட்டுடுங்க, அது ஓடை வரைக்கும் வந்து தானா நின்னுடும். யாரும் உள்ள போக வேணாம்." எனக்கு ரோஷம். என் காட்டில் தீ எரிகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா என்று. அன்று கோபுரத்தில் என்னோடு இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் டீ டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். "ஒரு மணி நேர வேலை, வாங்க மாப்ள, முடிச்சிட்டு வந்து குடிச்சுக்கலாம்" என்றேன். அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மூத்தவன் கூப்பிட்டால் வருகிற மனுஷன்.

அடிமரம் எரிந்திருந்த ஒரு பட்ட மரம் அவர் மேல் சாய்ந்தது. நான் மண்வெட்டியை எடுக்க நான்கு எட்டு தள்ளிப் போயிருந்தேன். அவ்வளவுதான் தூரம்.

ரேஞ்சர் பெரிய மனுஷர். விசாரணையில், "நான்தான் போகச் சொன்னேன்" என்று தன் மேல் போட்டுக்கொண்டார். நீ கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாய். உன்னிடமும் அது ரேஞ்சரின் உத்தரவு என்றே சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீயையும் ஓடி ஓடி அணைத்தது, அணைக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான். அந்தத் தீயை விட்டிருக்கலாம் என்று இப்போது மரமே சொல்கிறது.

நீ பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

அண்ணன்


செப்டம்பர் 28

அண்ணா,

பொண்ணுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

பத்து வாரம் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை மன்னித்திருந்தேன், அது பொய். ஒன்றில் இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றிருந்தேன், அதுவும் பொய். எனக்கு உன் மேல் கோபம், அண்ணா. நீ அவரைக் கூப்பிட்டதைவிட, பதினாறு வருஷம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்லாமல் இருந்தாயே, அதற்குத்தான். அவர் டீ குடிக்காமல் போனதுகூட எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டேன். பதினான்கு தீயையும் எழுதினேன், பதினான்காவதையும் சேர்த்துத்தான். நவம்பரில் வடக்குச் சரிவில் அளவாகத் தீ வைக்கத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. மேலிருந்து கீழே ஓடை வரைக்கும். முதல் தீயை நீதான் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காட்டின் காற்று உன் அளவுக்கு யாருக்கும் தெரியாது, அதனால்தான். கொஞ்சம் தண்டனையாகவும் இருக்கட்டும் என்று நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


நவம்பர் 27

பாப்பாவுக்கு,

எல்லாரும் நலம். ஒருவருக்கும் ஒரு காயம்கூட இல்லை.

நேற்று வைத்தோம். கையில் பந்தத்தைக் கொடுத்துவிட்டு இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷம் தீக்குச்சி உரசியவனைக்கூடத் துரத்தியவன் நான். கை இறங்கவே மாட்டேன் என்றது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்.

நான் தீயோடு சண்டைதான் போட்டிருக்கிறேன், அதை நின்று பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்தேன். கணுக்கால் உயரம்தான். ஒரே கோடாக, அவசரமில்லாமல் சரிவில் இறங்கியது. பெரிய மரத்தின் அடிக்கு வந்ததும் பட்டையைக் கொஞ்சம் கறுக்கவைத்துவிட்டு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. ஒல்லிக் கன்றுகள் சடசடவென்று போயின. ஒரு முள்ளம்பன்றி தீக்கு முன்னால், ஓடாமல், நடந்துதான் போனது, அதற்கு இதெல்லாம் பழக்கம் என்பதுபோல. பின்னால் திரும்பிப் பார்த்தால் எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சரிவின் தரையில் வெயில். நமக்கு முன்னால் எத்தனை தலைமுறையாக இந்தக் காடு இப்படித் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

இரண்டு மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிட்டது. நான் மண்வெட்டியோடு கரையில் நின்றேன். ஈர மண் வந்ததும் தயங்கியது. ஒரு முழ நீளம் எரிந்தது, பிறகு ஒரு சாண், பிறகு புகை. யாரும் ஒரு கைப்பிடி மண்கூடப் போடவில்லை. தானாக நின்றுவிட்டது.

ரேஞ்சர் சொன்னது சரிதான் பாப்பா. சும்மா நின்றிருந்தால் போதும். எதிர்க்கரையில் தெற்குச் சரிவு தெரிந்தது. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன்


டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ அழுததாக எழுதிய இடத்தில் நானும் அழுதேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது இருக்கிறது, கூட எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப்பில் நானும் பொண்ணும். அவளிடம் நீ ஜூலையிலும் நவம்பரிலும் எழுதிய இரண்டு கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அப்பா கடைசியா யார் கூட நடந்து போனாரோ அவங்க கூடவே நானும் அங்க போகணும்மா" என்றாள்.

நானும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அன்று அவர் உடலைக் கீழேதான் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு இந்த வருஷம் வரைக்கும் அந்தப் பக்கம் போகாதவர்கள் நாம் இரண்டு பேருமே. வரைபடத்தில் ஒரு புள்ளியாகத்தான் அது எனக்குத் தெரியும், அதையும் உத்தேசமாகத்தான் வைத்தேன்.

சரியான இடம் உனக்கு மட்டும்தான் தெரியும். முழங்காலைப் பார்த்துக்கொள், மெதுவாகவே ஏறலாம். எங்களைக் கூட்டிக்கொண்டு போ.

உன் பாப்பா